வரவுசெலவுக் கணக்கைப் படிப்பவர் யார்? படிக்க வைக்கும் பணம் யாருடையது?

(கல்வி உரிமை குறித்து இளைஞர்களின் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்வி என்றதும் நாம் பேசத் தொடங்குவது இடஒதுக்கீடு, நுழைவுத் தேர்வு, பாடத்திட்டம், வகுப்பறைக்குள் சாதி. எல்லாம் பேச வேண்டியவைதான். ஆனால் பணத்தைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம். ஒரு பள்ளிக்கு எவ்வளவு பணம் வருகிறது, அது எதற்குச் செலவாகிறது, அதை முடிவு செய்யும் மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற கேள்விகளை அதிகாரிகளின் வேலை என்று விட்டுவிடுகிறோம்.

அண்ணல் அம்பேத்கர் அப்படி விடவில்லை. 1927 மார்ச் 20 அன்று மகாத் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்த போராட்டம் நம் எல்லோருக்கும் தெரியும். அதே மார்ச் மாதத்தில், சில நாட்களுக்கு முன்பு, பம்பாய் சட்டமன்றத்தில் கல்வி மானியம் பற்றி அவர் பேசினார். அரசு கல்விக்கு ஒரு தலைக்கு 14 அணா செலவு செய்கிறது, கலால் வரியாக ஒரு தலைக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் வாங்குகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். குளத்து நீருக்கான போராட்டமும் மானியக் கணக்கும் அவருக்கு ஒரே போராட்டத்தின் இரண்டு பக்கங்கள். இரண்டாவது பக்கத்தை நாம் பாதியில் மூடிவிட்டோம்.

இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநில அனுபவம். அங்கே கருப்பின மக்களும் லத்தீன் அமெரிக்க மக்களும் பள்ளி நிதியைத் தீர்மானிக்கும் இடத்துக்குள் நுழைந்தார்கள். அந்த வேலைக்கு அவர்களின் அமைப்புகளுக்கு நல்கைகள் கிடைத்தன. அதில் கற்றுக்கொள்ளவும் எச்சரிக்கையாக இருக்கவும் நிறைய இருக்கிறது.

ஊரும் சேரியும் அங்கேயும் உண்டு

அமெரிக்காவில் பள்ளிகளுக்கான பணத்தில் பெரும் பங்கு நெடுங்காலமாக அந்தந்தப் பகுதியின் சொத்து வரியிலிருந்து வந்தது. வீட்டு விலை அதிகமுள்ள பகுதியில் வரி அதிகம், பள்ளிக்குப் பணமும் அதிகம். கேட்க நியாயம் போலத்தான் இருக்கும். ஆனால் யார் எந்தப் பகுதியில் வீடு வாங்கலாம் என்பதை அங்கே நிறம் தீர்மானித்தது. கருப்பினத்தவருக்கு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதினார்கள். அவர்கள் வாழும் பகுதிகளுக்கு வங்கிகள் கடன் தர மறுத்தன. நம் ஊரில் தெருவைச் சாதி பிரித்தது போல அங்கே நகரத்தை நிறம் பிரித்தது. பிரித்த பிறகு, உன் தெரு வரியில் உன் பள்ளியை நடத்திக்கொள் என்றார்கள்.

1971இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் செரானோ வழக்கில் இதைக் கணக்கோடு எடுத்துச் சொன்னது. 1968-69 கல்வியாண்டில் பெவர்லி ஹில்ஸ் பகுதி ஒரு மாணவருக்குச் செலவழித்தது சுமார் 1,232 டாலர். அதே லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தின் பால்ட்வின் பார்க் பகுதி செலவழித்தது சுமார் 577 டாலர். ஆனால் வரி விகிதம் தலைகீழ். பால்ட்வின் பார்க் மக்கள் 100 டாலர் சொத்து மதிப்புக்கு 5.48 டாலர் பள்ளி வரி கட்டினார்கள். பெவர்லி ஹில்ஸ்காரர்கள் கட்டியது 2.38 டாலர். ஏழை இரண்டு மடங்குக்கு மேல் வரி விகிதம் கட்டி, பாதிக்கும் குறைவான பள்ளியைப் பெற்றான். அந்த முறை செல்லாது என்றது நீதிமன்றம். தீர்ப்பு வந்ததும் எல்லாம் மாறிவிடவில்லை. பணம் ஓரளவு சமமாகப் பிரிக்கப்பட்டாலும், கூடுதல் தேவை உள்ள குழந்தைக்குக் கூடுதல் பணம் என்ற கொள்கை முழுமையாக வர இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின.

2013 ஜூலை 1 அன்று ஆளுநர் ஜெர்ரி பிரவுன் புதிய நிதிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன்படி ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் அடிப்படைத் தொகை உண்டு. ஏழைக் குடும்பத்துக் குழந்தை, வீட்டில் வேறு மொழி பேசி ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் குழந்தை, அரசுப் பராமரிப்பில் வளர்ப்புக் குடும்பத்தில் வாழும் குழந்தை என மூன்று வகையினருக்கும் அதற்கு மேல் 20 சதவீதம் கூடுதல். இத்தகைய குழந்தைகள் 55 சதவீதத்தைத் தாண்டினால், தாண்டிய எண்ணிக்கைக்கு மேலும் ஒரு கூடுதல் தொகை. முதலில் 50 சதவீதமாக இருந்த அதை 2021இல் 65 சதவீதமாக உயர்த்தினார்கள்.

அதோடு இன்னொன்றையும் சட்டம் சொன்னது. இந்தப் பணத்தை எப்படிச் செலவழிப்பது என்று ஒவ்வொரு பள்ளி நிர்வாகமும் மூன்றாண்டுத் திட்டம் எழுத வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பெற்றோர் ஆலோசனைக் குழு வேண்டும். அந்தக் குழு எழுப்பும் கருத்துகளுக்குக் கண்காணிப்பாளர் எழுத்தில் பதில் தர வேண்டும். மக்கள் முன்னிலையில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும்.

பேசும் உரிமைக்கு ஆகும் செலவு

சட்டம் மக்களைப் பேசச் சொல்லிவிட்டது. ஆனால் பேசுவதற்கு என்ன செலவாகும் என்று அது யோசிக்கவில்லை.

திட்ட ஆவணம் நூற்றுக்கணக்கான பக்கம். இரவு நேரத்தில் அலுவலகங்களைத் துடைக்கும் வேலை பார்க்கும் ஒரு தாய், ஸ்பானிஷ் மட்டும் பேசுபவர், அதைப் படித்து, எந்தப் பக்கத்தில் எந்த வரி தன் பிள்ளையின் பணத்தைத் தின்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு கூட்டத்துக்குப் போக வேண்டும். பேருந்துக் கட்டணம் யார் தருவது? கைக்குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? யார் மொழிபெயர்ப்பது? இழந்த கூலியை யார் ஈடு செய்வது? வசதியான வெள்ளையர் பகுதியில் இந்தக் கேள்வி எழாது. அங்கே பெற்றோரிலேயே வழக்கறிஞரும் கணக்காளரும் இருப்பார்கள். ஆக, எல்லோருக்கும் சமமாகத் திறந்த கதவு வழியாக, ஏற்கெனவே செருப்புப் போட்டிருந்தவர்களே உள்ளே நடந்தார்கள்.

நல்கைகள் வேலை செய்தது இந்த இடத்தில்தான். கலிஃபோர்னியா எண்டோமென்ட் என்ற அறக்கட்டளை 2010இல் 14 பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, பத்தாண்டுகளில் 100 கோடி டாலர் செலவிடும் திட்டத்தைத் தொடங்கியது. அந்தப் பகுதிகளில் தெற்கு லாஸ் ஏஞ்சலஸும் பாயில் ஹைட்ஸும் உண்டு. அது மக்கள் நலவாழ்வுக்கான அறக்கட்டளை. ஆனால் பள்ளி சரியில்லாத இடத்தில் உடல்நலமும் இருக்காது என்ற புரிதலில், பெற்றோரையும் மாணவரையும் அமைப்பாக்கும் குழுக்களுக்கும் பணம் தந்தது. மொழிபெயர்ப்பாளரும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆளும், கூட்டத்தில் சாப்பாடும், கணக்கைப் பிரித்துப் படிக்கத் தெரிந்த ஒரு முழுநேரப் பணியாளரும் இத்தகைய பணத்தில்தான் சாத்தியமாகிறார்கள். சாப்பாட்டுச் செலவு என்று அலட்சியமாக நினைக்காதீர்கள். வேலை முடிந்து பசியோடு வரும் ஒருவர் இரண்டு மணி நேரம் கணக்குக் கேட்க மாட்டார்.

விளைவு என்ன? தெற்கு லாஸ் ஏஞ்சலஸின் கம்யூனிட்டி கொயலிஷன், கிழக்கில் இன்னர்சிட்டி ஸ்ட்ரகிள், ஆய்வுக்கு அட்வான்ஸ்மென்ட் ப்ராஜெக்ட் என மூன்று அமைப்புகள் சேர்ந்து, எந்தப் பள்ளிக்குத் தேவை அதிகம் என்று அளக்கும் ஒரு குறியீட்டை உருவாக்கின. அதை ஏற்கச் சொல்லி மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். 2014 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் கல்வி வாரியம் அதை ஏற்றுத் தீர்மானம் போட்டது. 2018இல் குறியீடு மேம்படுத்தப்பட்டது. அந்தக் குறியீட்டில் மதிப்பெண் மட்டும் இல்லை. அந்தப் பகுதிக் குழந்தைகளுக்கு ஆஸ்துமா எவ்வளவு கடுமை, துப்பாக்கிச் சூட்டில் காயம்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதும் கணக்கில் வந்தது. ஒரு தெருவின் வலியை அரசின் கணக்குப் புத்தகத்தில் ஒரு எண்ணாக ஏற்றிவிட்டார்கள். ஏறிய பிறகு அதற்குப் பணம் ஒதுக்கித்தான் ஆக வேண்டும்.

கணக்குக் காட்டும் கலை

2015இல் கம்யூனிட்டி கொயலிஷனும் ஒரு தாயும் லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி நிர்வாகத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள். குற்றச்சாட்டு இதுதான்: மாற்றுத்திறன் குழந்தைகளின் சிறப்புக் கல்விக்கு ஏற்கெனவே செலவாகும் சுமார் 45 கோடி டாலரை, ஏழைக் குழந்தைகளுக்கான கூடுதல் சேவை என்று நிர்வாகம் கணக்குக் காட்டியது. சிறப்புக் கல்வி என்பது வேறு சட்டப்படி எப்படியும் தந்தே ஆக வேண்டியது. அதைப் பெறும் குழந்தைகளில் பெரும்பாலோர் ஏழைகள்தானே, ஆகவே அது ஏழைகளுக்கான செலவுதானே என்பது நிர்வாகத்தின் வாதம். 2017இல் சமரசம் ஏற்பட்டது. மூன்று ஆண்டுகளில் 50 பள்ளிகளுக்கு 15 கோடி டாலருக்கு மேல் தர நிர்வாகம் ஒப்புக்கொண்டது.

இந்தத் தந்திரம் நமக்குப் புதிதா தோழர்களே? 1979 முதல் பட்டியல் சாதி மக்களுக்கான சிறப்புக் கூறுத் திட்டம் இருக்கிறது. மக்கள்தொகை விகிதப்படி நிதி ஒதுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. சாலை போட்டால் தலித்துகளும் அதில் நடக்கிறார்கள், பாலம் கட்டினால் அவர்களும் கடக்கிறார்கள் என்று சொல்லிப் பொதுச் செலவை இந்தக் கணக்கில் எழுதினார்கள். டெல்லி அரசு இந்த நிதியில் பல நூறு கோடி ரூபாயைக் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்குத் திருப்பிய விவரம் 2010இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் வெளியே வந்தது. கர்நாடகத்தில் 2013இல் இதற்கென்றே சட்டம் இயற்றினார்கள். ஆனால் பொதுக் கட்டுமானச் செலவின் ஒரு பகுதியை எங்களுக்காகச் செலவழித்ததாகக் 'கருதிக்கொள்ள' அந்தச் சட்டத்தின் 7(டி) பிரிவே இடம் கொடுத்தது. தலித் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் போராடி, 2023இல்தான் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. அதன் பிறகும், வாக்குறுதித் திட்டங்களுக்கு இந்த நிதி போகிறது என்ற விமர்சனம் அங்கே தொடர்கிறது.

லாஸ் ஏஞ்சலஸும் பெங்களூரும் ஒன்றையொன்று பார்த்து இதைக் கற்றுக்கொள்ளவில்லை. ஆதிக்கம் எங்கே இருந்தாலும் ஒரே மாதிரி கணக்கு எழுதும். சட்டத்தை எதிர்க்க முடியாதபோது அது சட்டத்தை ஏற்றுக்கொள்ளும். ஏற்றுக்கொண்டு தலைப்பை மாற்றி எழுதும். அதைப் பிடிக்க, தலைப்புக்குக் கீழே உள்ள வரியைப் படிக்கிற ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும்.

பொருளாதார அளவுகோலின் எல்லை

இன்னொன்றையும் கவனியுங்கள். நான் சொன்ன மூன்று வகைக் குழந்தைகளில் கருப்பினக் குழந்தை என்ற வகை இல்லை. பொதுக் கல்வியில் நிறத்தின் அடிப்படையில் முன்னுரிமை தரக் கூடாது என்று 1996லேயே கலிஃபோர்னியா வாக்கெடுப்பு நடத்தி அரசமைப்பைத் திருத்திவிட்டது. ஆகவே வறுமையின் பெயரில்தான் நிறத்தை மறைமுகமாகத் தொட முடிந்தது. மாணவர்களின் தொடர் போராட்டத்தால் 2021 பிப்ரவரியில், கருப்பின மாணவர் முன்னேற்றத்துக்கென்றே 3.65 கோடி டாலர் திட்டத்தை லாஸ் ஏஞ்சலஸ் வாரியம் ஏற்றது. சிவில் உரிமைச் சட்டத்தையே காரணம் காட்டி வெளியிலிருந்து ஓர் அமைப்பு அதன் மீது புகார் கொடுத்தது. முடிவில், நிறத்தை அளவுகோலாகக் கொள்ளாதபடி 2024இல் திட்டத்தை மாற்றி அமைத்தார்கள்.

"சாதி எதற்கு, பொருளாதாரத்தைப் பார்த்தால் போதாதா?" என்று உங்களிடம் கேட்பவர்களுக்கு இது பதில். காயம்பட்டது எந்தப் பெயரில், மருந்து தருவது எந்தப் பெயரில் என்ற கேள்வி அங்கேயும் தீரவில்லை.

நல்கையின் மறுபக்கம்

இப்போது நீங்கள் கேட்க நினைக்கும் கேள்விக்கு வருகிறேன். அறக்கட்டளைப் பணம் வாங்கினால் அது இயக்கமா, என்.ஜி.ஓ.வா?

கேள்வி சரியானது. அங்கேயும் கேட்டிருக்கிறார்கள். இன்சைட் என்ற, வெள்ளையரல்லாத பெண்களின் அமைப்பு 2007இல் இந்தக் கேள்விக்காகவே ஒரு கட்டுரைத் தொகுப்பு வெளியிட்டது. நல்கைக்கு விண்ணப்பம் எழுதத் தெரிந்தவரே அமைப்பின் தலைவராகிவிடுவார். மக்கள் எதைக் கேட்கிறார்கள் என்பதைவிட, எந்தத் தலைப்புக்குப் பணம் வருகிறது என்பது முக்கியமாகிவிடும். பத்தாண்டுத் திட்டம் பத்தாண்டில் முடியும். சேரியின் பிரச்சினை முடியாது.

அரசும் சும்மா இருக்காது. 1967இல் நியூயார்க்கின் ஓஷன் ஹில் - பிரவுன்ஸ்வில் பகுதியில், கருப்பினப் பெற்றோர் தங்கள் பள்ளிகளைத் தாங்களே நிர்வகிக்கும் ஒரு சோதனை முயற்சிக்கு ஃபோர்டு அறக்கட்டளை உதவியது. அடுத்த ஆண்டு அந்தப் பெற்றோர் வாரியம் சில ஆசிரியர்களை இடம் மாற்ற முயன்றது. ஆசிரியர் சங்கம் நகரம் முழுக்க வேலைநிறுத்தம் செய்தது. சோதனை முடிவுக்கு வந்தது. 1969இல் அமெரிக்க நாடாளுமன்றம் அறக்கட்டளைகளுக்குக் கடும் கட்டுப்பாடுகள் கொண்ட வரிச் சட்டத்தை இயற்றியது. ஃபோர்டு அறக்கட்டளையின் இத்தகைய உதவிகள் கிளப்பிய கோபமும் அதற்கு ஒரு காரணம். நல்ல வேளையாக, அங்குள்ள வரி விதிகளில் பள்ளி வாரியம் சட்டமன்றமாகக் கருதப்படுவதில்லை. அதனால் பள்ளி வாரியத்திடம் போய் வாதாடுவது, நல்கைக்குத் தடையுள்ள 'லாபி' வேலையாக எண்ணப்படாது. இந்தச் சிறு இடைவெளியில்தான் கலிஃபோர்னியாக் குழுக்கள் வேலை செய்தன.

நம் நாட்டில் அந்த இடைவெளியும் இல்லை. குஜராத்தில் தலித் உரிமைக்காக நீண்டகாலம் உழைத்த நவ்சர்ஜன் அறக்கட்டளையின் வெளிநாட்டு நிதி உரிமம் 2016இல் ரத்தானது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டு நிதி பெறும் ஓர் அமைப்பு அதை இன்னொரு சிறு அமைப்புக்குப் பிரித்துத் தரவும் முடியாது. கிராம அளவில் ஐந்து பேர் நடத்தும் குழுவுக்கு அந்தக் கதவு சாத்தப்பட்டுவிட்டது.

அதனால் என் நிலைப்பாடு இது. நல்கை தீட்டும் அல்ல, தீர்த்தமும் அல்ல. பேருந்துக் கட்டணத்துக்கும் மொழிபெயர்ப்புக்கும் அது உதவும். என்ன கேட்பது என்பதை அது தீர்மானிக்க விடக் கூடாது. அதற்கு நம் கையில் நம் பணம் இருக்க வேண்டும். கான்ஷிராம் 1978இல் பாம்செஃப் அமைப்பைத் தொடங்கியபோது நம்பியது, அரசு வேலைக்குப் போன ஒடுக்கப்பட்ட ஊழியர்களின் பங்களிப்பை. சமூகத்தால் படித்தவர் சமூகத்துக்குத் திருப்பித் தர வேண்டும் என்றார். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் சம்பளம் வாங்குபவர்கள் எத்தனை பேர் என்று நான் கேட்கப் போவதில்லை. நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் கையில் இருக்கும் சட்டம்

கலிஃபோர்னியாச் சட்டத்துக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே நமக்கு ஒரு சட்டம் வந்துவிட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். அதன் 21ஆவது பிரிவு, ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், ஒடுக்கப்பட்ட பிரிவுப் பெற்றோருக்கு விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம். 22ஆவது பிரிவு, அந்தக் குழு பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்க வேண்டும், அரசு தரும் மானியங்களுக்கு அந்தத் திட்டமே அடிப்படையாக இருக்க வேண்டும் என்கிறது. திரும்பச் சொல்கிறேன், அந்தத் திட்டமே அடிப்படை. நாம் கேட்டுக் கெஞ்ச வேண்டியதில்லை. எழுதித் தர வேண்டும்.

நடைமுறை என்ன? இத்தகைய கூட்டங்கள் சிலவற்றில் நான் உட்கார்ந்திருக்கிறேன். கூட்டம் வேலை நாளில் பிற்பகலில். வருகிற அம்மாக்கள் நூறு நாள் வேலையையோ சித்தாள் வேலையையோ விட்டுவிட்டு வருகிறார்கள். தீர்மான நோட்டு ஏற்கெனவே எழுதித் தயாராக இருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புவார்கள். ஒரு பள்ளியில், சேரியிலிருந்து வந்த ஒரு அக்கா கழிப்பறைக்குத் தண்ணீர் ஏன் வரவில்லை என்று கேட்டார். "அதெல்லாம் மேலே எழுதியிருக்கோம்மா" என்ற பதிலோடு அந்தப் பேச்சு முடிந்தது. மேலே என்றால் எங்கே, எந்தத் தேதியில், எந்தத் தலைப்பில் என்று கேட்க அவருக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. அந்த இடத்தில் இருக்க வேண்டியவர்கள் நீங்கள்.

தமிழ்நாடு 2024இல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கான சட்டத்தையும் இயற்றியிருக்கிறது. 2011 கணக்கெடுப்புப்படி மாநில மக்களில் 20 சதவீதம் பட்டியல் சாதியினர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் இருக்கின்றன. அந்தச் சட்டத்தின் பணம் இந்தப் பள்ளிகளின் வாசலை எப்படித் தொடுகிறது என்று ஊர் ஊராகப் பார்க்கும் வேலை நம்முடையது.

எனவே மூன்று கோரிக்கைகளை உங்கள் முன் வைக்கிறேன். முதலாவது, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரும் பெற்றோருக்கு இழந்த கூலியையும் பயணச் செலவையும் அரசு தர வேண்டும். கலிஃபோர்னியா 2018இல், மக்கள் பங்கேற்பை வளர்க்கும் முயற்சிக்கென்று 1.33 கோடி டாலர் அரசுப் பணத்தை ஒதுக்கியது. பங்கேற்பு உரிமை என்றால் அதன் செலவும் அரசின் கடமைதான். இரண்டாவது, நமக்கென்று ஒரு தேவைக் குறியீடு வேண்டும். முதல் தலைமுறையாகப் படிக்கும் குழந்தைகள் எத்தனை பேர், பள்ளிக்குச் செல்லும் வழியில் சாதித் தாக்குதல் நடந்திருக்கிறதா, சத்துணவு சமைப்பவர் தலித் என்பதால் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் தடுத்தார்களா என்பதெல்லாம் அதில் எண்ணாக வர வேண்டும். ஆஸ்துமாவையும் துப்பாக்கிக் காயத்தையும் எண்ண முடியும் என்றால் சாதியையும் எண்ண முடியும். மூன்றாவது, நாம் ஒவ்வொருவரும் ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுப்போம். அதன் மேம்பாட்டுத் திட்டத்தை வாங்கிப் படிப்போம். தர மறுத்தால் தகவல் உரிமை மனு போடுவோம். ஒரு வட்டாரத்தில் பத்துப் பேர் பத்துப் பள்ளியின் கணக்கைப் படித்துவிட்டால், அதற்கு மேல் யாரும் "மேலே எழுதியிருக்கோம்" என்று சொல்லி அனுப்ப முடியாது.

கல்வி கற்பதும் ஒன்றுசேர்வதும் போராடுவதும் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். கல்விக்கு வரும் பணத்தின் கணக்கைக் கற்பதும் அதில் சேர்ந்ததுதான். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு பள்ளியின் திட்டத்தோடு வாருங்கள். சேர்ந்து படிப்போம்.